பனியனில் அச்சடித்த நேர்மை: கடலூர்க் கடலோரக் கபடிக் குழு ஒன்றில் ஓர் ஆண்டு

பின்னணி

கடலூர் சில்வர் பீச்சிலிருந்து நடந்தே போய்விடக்கூடிய ஒரு மீனவர் குடியிருப்பில் சிறுவர்களுக்கான கபடிக் குழு ஒன்று இயங்குகிறது. 12 முதல் 17 வயது வரை 22 பையன்கள். பகலில் வேறு வேலை பார்த்துவிட்டு மாலையில் பயிற்சி கொடுக்கும் மூன்று பேரில் நானும் ஒருவன். பையன்கள் எங்கள் மூவரையும் மாஸ்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். ஆடுகளம் மண்தரை. கோடுகளைச் சுண்ணாம்புத்தூளில் போடுவோம், காற்று அடித்தால் பாதி ஆட்டத்திலேயே அழிந்துவிடும். மேட் கிடையாது, கேமரா கிடையாது. நாங்கள் போகும் பொங்கல் போட்டிகளிலும் கோடைப் போட்டிகளிலும் நடுவர்கள் கண்ணால் பார்த்துச் சொல்வதுதான் தீர்ப்பு.

கபடி தெரியாதவர்களுக்காக ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். பாடி வருபவனின் கால் விரல் நுனி எதிரணிக்காரனின் கணுக்காலில் பட்டால் அது தொடுகை. பாடி வந்தவன் பிடிபடாமல் தன் பக்கம் திரும்பிவிட்டால் பட்டவன் அவுட். வேகமான ஆட்டத்தில் அது பட்டதா இல்லையா என்பது பல நேரம் தொட்டவனுக்கும் பட்டவனுக்கும் மட்டுமே தெரியும். பட்டவன் கையைத் தூக்கிவிட்டு வெளியே நடக்க வேண்டும் என்பது பழைய வழக்கம். தூக்காவிட்டால் நடுவர் பார்த்திருக்க வேண்டும். நடுவரும் பார்க்கவில்லை என்றால் ஆட்டம் அப்படியே போய்விடும். சிறுவர் கபடியில் நேர்மை என்பதற்கு, என் கணக்கில், இந்தக் கையைத் தவிர வேறு அளவுகோல் இல்லை.

பனியன் வந்த விதம்

2023 ஜூனில் கடலூரில் செல்போன் கடை வைத்திருக்கும் ஒருவர் குழுவுக்குப் பனியன் எடுத்துத் தருவதாகச் சொன்னார். இதே குடியிருப்பில் பிறந்து வளர்ந்தவர், நல்ல மனிதர். அவர் வைத்தது ஒரே நிபந்தனை: பனியனில் ஒரு நல்ல வாசகம் இருக்க வேண்டும், பையன்கள் அதைப் பார்த்துப் பார்த்து அப்படியே ஆகிவிட வேண்டும். சென்னையில் வேலை பார்க்கும் அவருடைய அண்ணன் மகன் ஒரு வீடியோ அனுப்பியிருந்தார். நேர்மையை நினைவூட்டும் சொற்களைப் படித்தாலே மனிதர்கள் ஏமாற்றுவது குறைகிறது, ஆராய்ச்சியே நடந்திருக்கிறது என்று அதில் ஒருவர் அடித்துப் பேசினார். எங்களுக்கும் அது சரியாகவே பட்டது. ‘நேர்மையே எங்கள் பலம்’ என்று முடிவு செய்தோம்.

திருப்பூரில் ஓர் அச்சகத்தில் சப்ளிமேஷன் பிரிண்ட் (சாயத்தைச் சூட்டால் துணியில் ஏற்றும் அச்சு), ஒன்று 380 ரூபாய். வாட்ஸ்அப்பில் வந்த முதல் மாதிரியில் எழுத்துரு உடைந்து கொம்பு வேறிடத்துக்குப் போய், ‘நேர்மை’யை யாராலும் வாசிக்க முடியவில்லை. திருத்தச் சொன்னோம். எண் முன்னும் பின்னும் இருந்தாக வேண்டும், மார்பில் கடையின் பெயர் வர வேண்டும். ஆகவே வாசகம் முதுகில், எண்ணுக்குக் கீழே இரண்டு வரியாகப் போனது. அதற்கும் கீழே ‘உபயம்’. கோயிலுக்கு டியூப்லைட் கொடுத்தவர் பெயர் வெளிச்சத்தை மறைக்கிற ஊர் நம்முடையது. அதைப் பார்க்க இது பரவாயில்லை.

போட்டுப் பார்த்த அன்றே இரண்டு விஷயங்கள் கண்ணில் பட்டன. முதுகில் இருப்பதை மற்ற எல்லோராலும் படிக்க முடியும், போட்டிருப்பவனால் முடியாது. பனியனை டிராயருக்குள் செருகினால் இரண்டாவது வரி உள்ளே போய்விடும். ‘நேர்மையே’ மட்டும் வெளியே தெரியும், பலம் இடுப்புக்குள் இருக்கும். அன்று சிரித்துக்கொண்டோம்.

கவனித்தவை

எனக்கு ஒரு நோட்டு வைத்துக்கொள்ளும் பழக்கம் உண்டு. பனியன் வருவதற்கு முந்தைய நான்கு வாரங்களில், பயிற்சி ஆட்டங்களில் நான் கண்ணால் நிச்சயமாகப் பார்த்த தொடுகைகள் எத்தனை, பட்டவன் தானாகக் கை தூக்கியது எத்தனை என்று குறித்திருந்தேன். ஏறத்தாழப் பத்துக்கு நான்கு. பனியன் வந்த முதல் வாரம் கைகள் நன்றாகவே உயர்ந்தன. ஒரு பொடியன் படாததற்கெல்லாம் தூக்கினான். இரண்டாம் வாரம் குறைந்தது. மூன்றாம் வாரம் பழைய கணக்குக்கே திரும்பிவிட்டது. 22 பையன்களை ஒருவன் கோட்டோரம் நின்று பார்த்து எழுதிய குறிப்பு இது, ஆய்வு என்று சொல்ல மாட்டேன். ஆனால் எனக்கு அது போதுமானதாக இருந்திருக்க வேண்டும். நான் நோட்டை மூடி வைத்துவிட்டேன்.

பக்கத்தில் வைத்துப் பார்க்க இன்னொன்று உண்டு. கபடியில் நகம் வெட்டியிருக்க வேண்டும், உடம்பில் எண்ணெய் தடவக்கூடாது என்று விதி. எங்கள் பையன்கள் இதை ஒரு நாளும் மீறியதில்லை. எந்தப் பனியனிலும் அது எழுதியில்லை. ஆட்டம் தொடங்கும் முன் நடுவர் ஒவ்வொருவன் கையையும் தடவிப் பார்ப்பார், விரல்களை நீட்டச் சொல்வார், அவ்வளவுதான்.

பொங்கல் போட்டியும் அந்தக் கையும்

2024 ஜனவரியில், கடலூருக்கு வெளியே ஒரு கிராமத்தில் பொங்கல் போட்டி. 17 வயதுக்கு உட்பட்டோர், 55 கிலோ பிரிவு. காலிறுதியில் 24க்கு 24. ஆட்டம் முடியும் தறுவாயில் எதிரணிப் பையன் பாடி வந்தான். எங்கள் பக்கம் இடது மூலையில் நின்றவனுக்கு 14 வயது. பாடி வந்தவன் திரும்பும்போது பின்னங்காலை வீசினான். மூலைப் பையனின் கணுக்காலில் பட்டது. நான் நின்ற இடத்திலிருந்து எட்டடி தூரம்தான், நன்றாகப் பார்த்தேன்.

மூலைப் பையனின் வலது கை தோள் வரை உயர்ந்தது. பிறகு தலைக்குப் போனது. முடியைக் கோதிவிட்டுக்கொண்டு அப்படியே நின்றான். பாடி வந்தவன் தன் காலைத் தட்டிக் காட்டி நடுவரிடம் முறையிட்டான். நடுவர் தலையை ஆட்டி மறுத்துவிட்டார். அடுத்து எங்கள் பையன் பாடிப் போய் எதிரணியில் ஒருவனைத் தொட்டுவிட்டு வந்தான். 25க்கு 24, நாங்கள் ஜெயித்தோம். மூலைப் பையன் கை தூக்கியிருந்தாலும் அடுத்துப் பாடிப் போய்ச் சமன் செய்திருக்கலாம். தோற்றிருப்போம் என்று உறுதியாகச் சொல்ல முடியாது.

எதிரணிக்காரர்கள் சண்டைக்கு வரவில்லை. அந்த ஊர்ப் பையன்கள் மட்டும் அரையிறுதி முழுக்க எங்கள் முதுகைப் படித்தார்கள். யார் பாடப் போனாலும் ‘ஏய் நேர்மை, ஏறி வாடா நேர்மை’ என்று கத்தல். அரையிறுதியில் தோற்றோம். திரும்பி வரும்போது வேனில் யாரும் பேசவில்லை.

அடுத்த வாரப் பயிற்சிக்கு நாலைந்து பேர் பனியனை உட்புறம் வெளியே வரும்படி போட்டு வந்தார்கள். துவைத்து உலர்த்தி அவசரத்தில் மாட்டிக்கொண்டார்கள் என்று முதல் நாள் நினைத்தேன். மூன்றாம் நாள் பத்துப் பேர். சப்ளிமேஷன் அச்சு ஒரு பக்கம்தான் ஏறும், உள்பக்கம் வெள்ளையாக இருக்கும். எண்ணும் இல்லை, வாசகமும் இல்லை, உபயமும் இல்லை.

பையன்கள் சொன்னது

உட்கார வைத்துக் கேட்டோம். வெகுநேரம் யாரும் வாய் திறக்கவில்லை. கடைசியில் அந்த மூலைப் பையன்தான் பேசினான். “கை தூக்கத்தான் போனேன் மாஸ்டர். நீங்க நில்லுன்னு கை காமிச்சீங்க.”

காட்டினேன். உள்ளங்கையைத் தரையைப் பார்க்க வைத்து இரண்டு முறை அமுக்கிக் காட்டினேன். பதற்றத்தில் தானாக வந்த சைகை என்று அன்றிரவு எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். எட்டடி தூரத்தில் தொடுகையைப் பார்த்தவனும் நான், அடுத்த நொடியே கையை அமுக்கிக் காட்டியவனும் நான். எதற்காகக் காட்டினேன் என்பதில் சந்தேகத்துக்கு இடமில்லை.

இன்னொருவன், வழக்கமாகப் பேசாதவன், கேட்டான்: “அப்போ அண்ணன் வயசு?”

இதையும் எழுதியாக வேண்டும். எங்கள் அணியின் பலமான ஆட்டக்காரனுக்கு அந்தப் போட்டியின்போது 17 முடிந்து இரண்டு மாதம். பிறப்புச் சான்றிதழில் 2006 நவம்பர். ஆதாரில் 2007 நவம்பர்; எடுத்த காலத்திலேயே தவறாகப் பதிவானது, வீட்டிலும் தெரியும். நாங்கள் எந்தக் காகிதத்தையும் திருத்தவில்லை. இரண்டு காகிதங்களில் எதை இணைப்பது என்று மட்டும் தேர்ந்தெடுத்தோம். விண்ணப்பப் படிவத்தை இந்தப் பையன்கள் முன்னால், இதே திண்ணையில் உட்கார்ந்துதான் நிரப்பினோம்.

ராகுல் டிராவிட் 2015 டிசம்பரில் டெல்லியில் ஆற்றிய பட்டோடி நினைவுச் சொற்பொழிவில் வயது மோசடியைப் பற்றி நீளமாகவே பேசினார். பெற்றோரும் பயிற்சியாளரும் பொய் சொல்வதைப் பார்த்து வளரும் பையன் பின்னால் சூதாட்டத் தரகனிடம் போய் நிற்க வெகுதூரம் இல்லை என்பது அதன் சாரம். அந்தப் பேச்சை நான் முன்பே படித்திருந்தேன். கிரிக்கெட்காரர்களுக்குச் சொன்னது என்று ஒதுக்கி வைத்திருந்தேன்.

அந்த ‘ஆராய்ச்சி’

பனியன் கொடுத்தவரிடம் நடந்ததைச் சொல்லும் முன் அந்த வீடியோவில் சொன்ன ஆராய்ச்சி என்னதான் என்று தேடினேன். இரண்டு கட்டுரைகள் அகப்பட்டன. 2008இல் வந்ததில், பைபிளின் பத்துக் கட்டளைகளை நினைவுகூரச் சொன்ன பிறகு மாணவர்கள் ஏமாற்றுவது குறைந்ததாக இருந்தது. 2018இல் பல நாட்டு ஆய்வகங்கள் சேர்ந்து அதையே திரும்பச் செய்து பார்த்தபோது அந்த விளைவு கிடைக்கவில்லை. 2012இல் வந்தது இன்னும் பிரபலம்: நேர்மை உறுதிமொழியில் படிவத்தின் அடியில் கையெழுத்து வாங்காமல் மேலேயே வாங்கிவிட்டால் பொய் குறையும் என்றது. 2020இல் அதை எழுதியவர்களே மறுபடி செய்து பார்த்து, அப்படி எதுவும் கிடைக்கவில்லை என்று வெளியிட்டார்கள். 2021இல் அதில் இருந்த கார் காப்பீட்டுத் தரவு இட்டுக்கட்டியது என்று தெரிந்து கட்டுரையே திரும்பப் பெறப்பட்டது. நேர்மை பற்றிய ஆய்வில் போலித் தரவு! படித்தபோது சிரிப்பு வந்தது. எங்கள் விண்ணப்பப் படிவம் நினைவுக்கு வந்து அடங்கியது.

பனியன் கொடுத்தவர் அடுத்த யோசனையாக ரப்பர் கைப்பட்டை போடலாமா என்று கேட்டிருந்தார். ஆட்டத்தில் கையில் எதுவும் அணியக்கூடாது என்பதால் அது தானாகவே நின்றது. ஆனால் மஞ்சள் கைப்பட்டையை உலகமெல்லாம் பரப்பிய சைக்கிள் பந்தய வீரர் லான்ஸ் ஆம்ஸ்ட்ராங்கின் கதையையும் அவரிடம் சொன்னேன். 2004இல் பட்டை வந்தது, கோடிக்கணக்கில் விற்றது. ஊக்கமருந்துக்காக 2012இல் அவருடைய ஏழு டூர் டி பிரான்ஸ் பட்டங்களும் பறிபோயின. அவர் கேட்டுவிட்டுச் சொன்னார்: “அப்ப தப்பு பட்டையில இல்லியே.” சரிதான். நான் சொல்ல வந்ததும் அதுதான்.

எடுத்த முடிவுகள்

முதலில், பனியனை எந்தப் பக்கம் போட்டு வந்தாலும் கேட்பதில்லை என்று வைத்தோம். கட்டாயப்படுத்தி நேராகப் போடச் சொன்னால் எங்கள் வெட்கத்தை அவர்கள் முதுகில் சுமத்துவதாகும்.

இரண்டாவது, பயிற்சி ஆட்டங்களில் தொடுகைக்கு நடுவர் கிடையாது. பட்டவன் சொன்னால் அவுட், சொல்லாவிட்டால் இல்லை. கை தூக்கியவனை யாரும் திட்டக்கூடாது, குறிப்பாக நாங்கள். நாங்கள் மூவரும் கோட்டோரம் நிற்கும்போது கையைப் பின்னால் கட்டிக்கொள்ள வேண்டும். இந்தக் கடைசி விதி பையன்கள் போட்டது. கையை எடுத்தால் மாஸ்டர் மைதானத்தை ஒரு சுற்று ஓட வேண்டும். முதல் மாதம் நான் நிறைய ஓடினேன்.

மூன்றாவது ஒரு தப்பான முடிவு. கை தூக்குபவனுக்குப் பயிற்சி முடிந்ததும் ஒரு கடலை உருண்டை என்று அறிவித்தோம். நாலே நாளில் கூட்டம் கூட்டமாகக் கை தூக்கினார்கள். பாடி வந்தவன் இரண்டடி தள்ளி நிற்கும்போதே “பட்டுடுச்சு மாஸ்டர்.” உருண்டைக்காக நேர்மையைப் பற்றியே பொய். அந்த வாரத்தோடு நிறுத்தினோம். மிச்சமிருந்த உருண்டைகளை எல்லோருக்கும் பிரித்துக் கொடுத்தோம்.

நான்காவது, இனி எந்தப் போட்டிக்கும் பிறப்புச் சான்றிதழ் மட்டுமே இணைப்பது. இதை எல்லோர் முன்னிலையிலும் அறிவித்தோம். அந்த மூத்த பையனும் அங்கேதான் உட்கார்ந்திருந்தான்.

தொடர்ந்து நடந்தவை

மூத்தவன் மறுநாளே வரவில்லை. பெரிய பிரிவில் ஆடலாம், எடை கூட வேண்டும், அதற்கு உதவுகிறோம் என்று வீட்டுக்குப் போய்ச் சொன்னோம். அவன் அம்மா தண்ணீர் கொடுத்தார், பதில் சொல்லவில்லை. மூன்று மாதம் கழித்து வேறொரு குழுவில் ஆடுவதாகக் கேள்விப்பட்டோம், அதே ஆதாரோடு. எங்கள் ஆட்களில் ஒருவர் இன்றும் என்னோடு இதற்காக வாதாடுகிறார்: நாம் நல்லவர்கள் ஆனோம், அவனுக்கு என்ன கிடைத்தது?

ஏப்ரல் 15 முதல் 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். அப்பாக்கள் கரையில் இருப்பார்கள், மாலையில் மைதானத்துக்கு வருவார்கள். அவர்களுக்கு எங்கள் விதி தெரியாது. ஒருவர் தன் பிள்ளை கை தூக்கியதைப் பார்த்து, “நடுவரே பாக்கல, நீ ஏன்டா பீத்திக்கிற?” என்று ஊரே கேட்கக் கத்தினார். பையன் என்னைப் பார்த்தான். என் கைகள் பின்னால் கட்டியிருந்தன. எதுவும் சொல்லாமல் நின்றேன். அவன் வெளியே போய் உட்கார்ந்தான். அந்த அப்பாவை மறுநாள் டீக்கடையில் பார்த்துப் பேசினேன். பொங்கல் போட்டியில் நான் செய்ததைச் சொன்ன பிறகுதான் அவர் முகம் கொஞ்சம் இளகியது. அவரை முழுதாக ஒத்துக்கொள்ள வைத்தேன் என்று சொல்ல முடியாது. கத்துவதை நிறுத்தினார்.

மே மாதத்தில் பண்ருட்டிப் பக்கம் ஒரு போட்டி. மூத்தவன் இல்லாத அணி, முதல் சுற்றிலேயே நான்கு புள்ளியில் தோற்றது. அந்த ஆட்டத்தில் எங்கள் பையன்களில் இருவர் நடுவர் பார்க்காத தொடுகைகளுக்குக் கை தூக்கினார்கள். ஒருவன் பனியனை உட்புறம் வெளியே தெரியும்படி போட்டு, எண்ணை மட்டும் பேனாவால் எழுதியிருந்தான். மூலைப் பையனுக்கு அன்று அப்படி ஒரு சந்தர்ப்பம் வரவில்லை. வந்தால் என்ன செய்வான் என்று எனக்குத் தெரியாது. நோட்டில் மே மாதக் கணக்கு பத்துக்கு ஏழு. இது பயிற்சி ஆட்டக் கணக்கு. போட்டியில் அவ்வளவு வரும் என்று எதிர்பார்ப்பது பேராசை.

வாசகம் முழுக்க வீண் என்று நான் சொல்லவில்லை. அது பையன்களை மாற்றவில்லை. ஆனால் வெளியூர்க்காரன் எங்களைப் படித்துக் கேலி செய்ய ஒரு வரி கொடுத்தது. அந்தக் கேலி இல்லாவிட்டால் பனியனைத் திருப்பிப் போட்டிருக்க மாட்டார்கள், நாங்களும் உட்கார்ந்து கேட்டிருக்க மாட்டோம். ‘நேர்மை’ என்ற சொல் இல்லாத பனியனோடு அதே ஆட்டத்தை அதே மாதிரி ஜெயித்திருந்தால் நான் இரவு நிம்மதியாகத் தூங்கியிருப்பேன்.

மறுபடி செய்வதானால்

மூத்தவன் விஷயத்தைத்தான் முதலில் மாற்றுவேன். இந்தியக் கிரிக்கெட் வாரியமான பிசிசிஐ 2020இல் ஒரு திட்டம் வைத்தது. வயதைத் தவறாகக் கொடுத்திருந்த இளம் ஆட்டக்காரர்கள் குறித்த தேதிக்குள் தாங்களாகவே ஒத்துக்கொண்டால் தண்டனை இல்லை, சரியான வயதுப் பிரிவில் ஆடலாம். மறைத்துப் பிடிபட்டால் இரண்டு ஆண்டு தடை. ஒத்துக்கொள்வதற்கு ஒரு வாசல் திறந்து வைத்த ஏற்பாடு அது. நாங்கள் வாசலும் வைக்கவில்லை, தனியாகக் கூப்பிட்டும் பேசவில்லை. பத்து மாதம் நாங்கள் செய்த தப்பை ஒரே மாலையில் அவன் தப்பாக மாற்றிவிட்டோம். படிவத்தை நிரப்பியவர்கள் நாங்கள் என்று எல்லோர் முன்னாலும் முதலில் சொல்லியிருக்க வேண்டும். அதற்கும் முன் அவனிடம் தனியே சொல்லியிருக்க வேண்டும்.

அப்பாக்களைத் தடைக்காலம் தொடங்கும் முன்பே கூப்பிட்டுப் பேசுவேன். கடலை உருண்டையைப் பயிற்சிக்கு வந்த எல்லோருக்கும் கொடுப்பேன், கை தூக்கியதற்காக இல்லை, பசிக்கு.

அடுத்த பனியனுக்குப் பையன்களையே கேட்டோம். அவரவர் பெயர் வேண்டும் என்றார்கள். முதுகில் பெயரும் எண்ணும், கைப்பகுதியில் கடையின் பெயர் சின்னதாக. கடைக்காரர் சிரித்துக்கொண்டே ஒத்துக்கொண்டார். திருப்பூரிலிருந்து மாதிரி வந்திருக்கிறது. மூன்று பெயர்களில் எழுத்து உடைந்திருக்கிறது, திருத்தச் சொல்லி அனுப்பியிருக்கிறேன்.